ஃபிட்னெஸ் சீட்டு: "3 நாளில் நிலையான பல்" விளம்பரங்களைப் பத்தி ஒரு நீண்ட இழை

1/
எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல புதுசா ஒரு பேனர். "3 நாளில் நிலையான பற்கள். வலி இல்லை. வாழ்நாள் உத்தரவாதம். எளிய தவணை வசதி." ஒரு தாத்தாவும் பாட்டியும் கரும்பைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இந்த இழை அந்தச் சிரிப்பைப் பத்தி. நீளமா இருக்கும். வீட்டுல பல் போன அம்மா, அப்பா இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் பல் டாக்டர் இல்லை. எம்பிபிஎஸ். தென் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில சுகர், பிரஷர் ஓபி பார்க்கிறவ. "பல் விஷயத்துல உனக்கென்ன வேலை?"ன்னு சிலர் வருவீங்க. அந்த வேலையை என் மேசைக்குக் கொண்டு வந்ததே பல் கிளினிக்தான். எப்படின்னு சொல்றேன்.

3/
இன்னொண்ணு. இம்ப்ளான்ட் ஏமாத்து வேலைன்னு நான் சொல்லவே இல்லை. சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல, சரியா போட்டா அருமையான வைத்தியம். என் சொந்தப் பெரியப்பாவுக்குப் போட்டு 9 வருஷம் ஆச்சு, முறுக்கு கடிக்கிறார். என் சண்டை அதை விக்கிற விதத்தோட. அதை விடப் பெரிய சண்டை, அந்த வியாபாரத்துக்கு வாசலைத் திறந்து விட்ட எங்க அரசுத் தரப்போட. அதுல நானும் சேர்த்தி.

4/
விஷயத்துக்கு வர்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஓபி. 58 வயசு அம்மா. 12 வருஷமா சுகர். என்கிட்ட மூணு வருஷமா மாத்திரை வாங்குறவங்க. அன்னைக்கு மாத்திரைச் சீட்டோட இன்னொரு சீட்டையும் நீட்டினாங்க. ஒரு தனியார் பல் கிளினிக் லெட்டர்பேடு. "முழு வாய் இம்ப்ளான்ட் செய்ய ஃபிட்னெஸ் தேவை." கீழ கையெழுத்துக்குக் கோடு. "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க டாக்டரம்மா."

5/
வாயைத் திறக்கச் சொன்னேன். மேல பல்லே இல்லை. கீழ முன்னாடி ஆறு பல். அதுல ரெண்டுதான் ஆடுது. நாலு நல்லா நிக்குது. "இதையும் எடுத்துட்டு எல்லாத்தையும் புதுசா வெச்சுத் தர்றாங்களாம்"ன்னு சொன்னாங்க. பொண்ணு கல்யாணம் 24 நாள்ல. "போட்டோவுல வாயை மூடிக்கிட்டே நிக்க வேணாம்ல?"

6/
அன்னைக்கு வெறும் வயித்துச் சுகர் 248. மூணு மாசச் சராசரி பார்க்கிற எச்பிஏ1சி 10.4. ரெண்டையும் அந்தக் கிளினிக்ல யாரும் பார்க்கலை. ஆனா 50,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாச்சு. மொத்தம் 3 லட்சத்து 20 ஆயிரம். பொண்ணுக்குன்னு வெச்சிருந்த நகையில ரெண்டு பவுன் அடகுல. மீதி ஈஎம்ஐ. "இந்த மாசத்துக்குள்ள செஞ்சாதான் ஆஃபர்."

7/
கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னேன். சுகர் இவ்ளோ இருக்கும்போது ஆபரேஷன் வேணாம், முதல்ல சுகரைக் குறைப்போம்னு சொன்னேன். இன்சுலின் எழுதினேன். வெளிய வரிசையில 140 பேர். அவங்க ஒண்ணும் பேசாம சீட்டை மடிச்சு பர்ஸுல வெச்சுக்கிட்டுப் போனாங்க. சரியாத்தான் செஞ்சோம்னு நினைச்சேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

8/
நாலு மாசம் கழிச்சு வந்தாங்க. கீழ்த்தாடை ஒரு பக்கம் வீங்கி, காய்ச்சல், சீழ். சுகர் 380. கையில ஒரு பேப்பர் பொட்டலம். பிரிச்சா, ரெண்டு டைட்டானியம் ஸ்க்ரூ. தானா கழண்டு வந்ததாம். கல்யாண போட்டோவுல சிரிச்சிருக்காங்க. அதையும் போன்ல காட்டினாங்க. ஃபிட்னெஸ் வேற யாரோ ஒரு டாக்டர் போட்டுக் குடுத்திருக்கார்.

9/
எனக்குக் கோபம். "நான்தான் வேணாம்னு சொன்னேனேம்மா?" அவங்க சொன்ன பதில் ஒரு வருஷமா என் காதுலயே இருக்கு. "நீங்க வேணாம்னு சொன்னீங்க. வேற எங்க போகணும்னு சொல்லலையே டாக்டரம்மா."

இந்த இழை அந்தப் பதிலுக்காக. முதல்ல கிளினிக் பக்கத்தைப் பேசுவோம். அப்புறம் என் பக்கத்துக்கு வர்றேன்.

10/
இம்ப்ளான்ட்னா என்ன? தாடை எலும்புல துளை போட்டு ஒரு சின்ன டைட்டானியம் ஸ்க்ரூவை வைக்கிறது. அதுதான் வேர். எலும்பு அதோட ஒட்டி வளர்ந்ததும் மேல ஒரு பல்லை மாட்டுறது. இந்த "ஒட்டி வளர்றது" தான் மொத்த வைத்தியமும். ஸ்க்ரூ போடுறது அரை மணி நேர வேலை. ஒட்ட வைக்கிறது நோயாளியோட உடம்பு. டாக்டர் இல்லை.

11/
இதைக் கண்டுபிடிச்சவரும் பல் டாக்டர் இல்லைங்கிறது பலருக்குத் தெரியாது. ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரோனமார்க்னு ஒரு மருத்துவர். 1952ல எலும்பு எப்படி ஆறுதுன்னு பார்க்க முயலோட கால் எலும்புல டைட்டானியக் கருவி ஒண்ணைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் பார்த்தா வரலை. எலும்பு அதைப் பிடிச்சுக்கிட்டு விடலை.

12/
உடனே பேனர் அடிக்கலை அவர். 13 வருஷம் சோதிச்சுட்டு, 1965ல தான் முதல் மனுஷருக்கு வெச்சார். கோஸ்டா லார்சன். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர். 2006ல அவர் இறக்கிற வரைக்கும், 40 வருஷத்துக்கு மேல, அந்த இம்ப்ளான்ட்லதான் சாப்பிட்டார். உலகம் பெருசா ஏத்துக்கிட்டதே 1982ல டொரோன்டோவுல நடந்த மாநாட்டுக்கு அப்புறம்தான்.

13/
பொறுமையில பிறந்த வைத்தியம் இது. இதைத்தான் "3 நாள்"னு விக்கிறாங்க.

ஸ்க்ரூ போட்ட அன்னைக்கு அது நிக்கிறது வெறும் முறுக்குப் பிடியில. மரத்துல ஆணி நிக்கிற மாதிரி. அடுத்த சில வாரத்துல அந்தப் பழைய எலும்பு கொஞ்சம் கரையும், புது எலும்பு வளரும். நடுவுல மூணு, நாலு வாரம் வாக்குல பிடி குறையிற நேரம் ஒண்ணு வரும்.

14/
அந்த நேரத்துல ஸ்க்ரூ அசையக் கூடாது. ரொம்ப வேணாம், ஒரு மில்லிமீட்டர்ல ஏழுல ஒரு பங்கு. அதாவது ரெண்டு தலைமுடித் தடிமன். அதுக்கு மேல திரும்பத் திரும்ப அசைஞ்சா எலும்புக்குப் பதிலா நார்த் திசு வளரும். அப்புறம் அது வேர் இல்லை, ஆடுற முளைக்குச்சி. அதனாலதான் வழக்கமா 3ல இருந்து 6 மாசம் காத்திருந்து பல் மாட்டுறாங்க.

15/
"சீக்கிரமா பல் மாட்டுற முறையும் அறிவியல்ல இருக்கே டாக்டர்?" இருக்கு. நல்ல அடர்த்தியான எலும்பு, ஸ்க்ரூ நல்ல இறுக்கத்துல உட்கார்ந்திருக்கணும், பல ஸ்க்ரூவை ஒண்ணா இணைச்சுக் கட்டியிருக்கணும், நோயாளி உடம்பு சீரா இருக்கணும். இப்படித் தேர்ந்தெடுத்த ஆளுக்கு, அனுபவம் உள்ள கை செஞ்சா வேலை செய்யும். தேர்ந்தெடுக்கிறதுங்கிற வார்த்தைதான் பேனர்ல இல்லை. பஸ்ஸுல இருந்து இறங்குற எல்லாருக்கும் 3 நாள்.

16/
பல இடத்துல 3 நாள்ல குடுக்கிறது தற்காலிகப் பல். சில மாசம் மெதுவான சாப்பாடுதான். அப்புறம்தான் நிரந்தரப் பல், அதுக்குத் தனிக் காசுன்னும் சில இடத்துல சொல்றாங்க. அதையும் போட்டோவுல இருக்கிற கரும்பையும் சேர்த்து வெச்சுப் பாருங்க.

17/
"வாழ்நாள் உத்தரவாதம்." கேட்டுப் பாருங்க, எதுக்கு? பெரும்பாலும் அது ஸ்க்ரூ தயாரிச்ச கம்பெனி ஸ்க்ரூவுக்குத் தர்ற உத்தரவாதம். உடைஞ்சா, கழண்டா வேற ஸ்க்ரூ தருவாங்க. உங்க எலும்புக்கு, ஈறுக்கு, மறு ஆபரேஷன் செலவுக்கு, மேல உள்ள பல்லுக்கு, போன நகைக்கு இல்லை. டைட்டானியத்துக்கு வாழ்நாள் இருக்கு. அதைப் பிடிச்சிருக்கிற தாடை நம்மளோடது.

18/
"இம்ப்ளான்ட் பல் சொத்தை ஆகாது." உண்மை. ஆனா அதைச் சுத்தி இருக்கிற ஈறு அழுகும், எலும்பு கரையும். பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்னு பேர். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, இம்ப்ளான்ட் போட்டவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு வருது. ஆரம்பத்துல வலியே இருக்காது. யாருக்கு அதிகம்? ஏற்கெனவே ஈறு நோயால பல்லை இழந்தவங்க, புகை பிடிக்கிறவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, சுத்தம் பண்ணாதவங்க.

19/
நல்லதையும் சொல்லணும். ஆய்வுகள்ல 10 வருஷம் கழிச்சும் 95 சதவீதத்துக்குப் பக்கமா இம்ப்ளான்ட் வாயிலதான் இருக்கு. பிரமாதமான கணக்கு. ஆனா அந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் நோயாளியைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருப்பாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி, எக்ஸ்ரே எடுத்து, தொடர்ந்து பார்த்திருப்பாங்க. எச்பிஏ1சி 10.4 இருக்கிற அம்மாவுக்கு 24 நாள்ல அத்தனையும் போட்டுட்டு, அந்த 95ஐக் காட்டக் கூடாது.

20/
இப்ப ஃபிட்னெஸ் சீட்டு. சக எம்பிபிஎஸ் டாக்டர்களே, இது நமக்கு. "பிபி பார்த்தேன், சுகர் பார்த்தேன், ஃபிட்"னு ஒரு சீல் குத்தி 200 ரூபாய் வாங்குறோமே, அந்தச் சீல்தான் அந்த வியாபாரத்துல நம்ம பங்கு. பிரச்சனை வந்தா அவங்க முதல்ல காட்டுறது அந்தக் காகிதத்தை. "ஃபிசிஷியன் ஃபிட்னெஸ் குடுத்துட்டாரு"ன்னு.

21/
நாம கேக்க வேண்டியது என்னென்ன?

எச்பிஏ1சி எவ்ளோ? 8க்கு மேல இருந்தா தேவைக்குச் செய்யிற ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம். பல் இல்லாதது அவசரம் இல்லை.

இதயத்துல ஸ்டென்ட் இருக்கா, எப்ப வெச்சது? "பல் ஆபரேஷனுக்கு மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்துங்க"ன்னு யாரோ சொல்லி, நோயாளி தானா நிறுத்தி, ஸ்டென்ட் அடைச்சு மாரடைப்போட வரலாம். இதய டாக்டரைக் கேக்காம ஒரு மாத்திரையும் நிறுத்தக் கூடாது.

22/
எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாசத்துக்கு ஒரு தடவையோ ஊசி போட்டிருக்காங்களா? ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் மாதிரி. இந்த மருந்து எடுத்தவங்களுக்குத் தாடை எலும்பு ஆறாம செத்துப்போற ஒரு பிரச்சனை உண்டு. 2003ல தான் மருத்துவ உலகம் இதைக் கவனிச்சது. எலும்புத் தேய்மானத்துக்கான அளவுல அபூர்வம். புற்றுநோய்க்காக அதிக அளவுல எடுத்தவங்களுக்கு நிஜமான ஆபத்து. நோயாளி இதை "சத்து ஊசி"ன்னுதான் சொல்வாங்க. நாமதான் துருவிக் கேக்கணும்.

23/
வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையில கரன்ட் வெச்சவங்களா? அங்க துளை போட்டா ஆறாம போகலாம். இதய வால்வு மாத்தினவங்களா? முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். பீடி, சிகரெட், வாயில அடக்குற புகையிலை உண்டா?

இவ்ளோதான். பத்து நிமிஷம். இதைக் கேக்காம போடுற "ஃபிட்" வெறும் மை.

24/
இப்ப அந்த அம்மாவோட நாலு நல்ல பல்லுக்கு வர்றேன். எனக்கு ரொம்ப வலிக்கிறது இது. "முழு வாய்" பேக்கேஜ்ல, நிக்கிற பல் இடைஞ்சல். நாலு பல்லைக் காப்பாத்திச் சுத்தி வேலை பார்க்க நேரம் ஆகும், வருமானம் கம்மி. எல்லாத்தையும் பிடுங்கிட்டா ஒரே அளவு, ஒரே பேக்கேஜ். அடிபட்டுப் போகாத, அழுகாத சொந்தப் பல்லுக்கு ஈடா உலகத்துல எந்த இம்ப்ளான்ட்டும் கிடையாது. இது நான் சொல்றது இல்லை. நல்ல பல் டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

25/
எல்லாப் பல்லும் இருந்தே ஆகணும்னும் இல்லை. கடைவாய்ப் பல் சிலது இல்லாமலே, முன்பல்லும் அடுத்த ரெண்டு ரெண்டு பல்லும் சீரா இருந்தா பலபேர் நல்லா சாப்பிட முடியும்னு நெதர்லாந்து பல் மருத்துவர் கெய்சர் 1981லயே எழுதினார். ஜப்பான் 1989ல இருந்து "80 வயசுல 20 பல்"னு ஒரு இயக்கமே நடத்துது. 32 இல்லை, 20. அங்க இலக்கு பல்லைக் காப்பாத்துறது.

26/
ஒரு பல்லுமே இல்லாதவங்களுக்கும் நடுவழி ஒண்ணு இருக்கு. கீழ்த்தாடையில ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட். அது மேல கழட்டி மாட்டுற பல்செட்டு, ரவிக்கையில பிரஸ் பட்டன் மாட்டுற மாதிரி டிக்னு உட்காரும். கீழ் பல்செட்டு ஆடுறதுதானே எல்லாருக்கும் தொல்லை? அது நிக்கும். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தேர்வா இருக்கணும்னு 2002ல கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்களே சொன்னாங்க.

27/
எட்டுக்குப் பதிலா ரெண்டு ஸ்க்ரூ. செலவு பாதிக்கும் குறைவு. கழட்டிச் சுத்தம் பண்ணலாம். இதுக்கு ஒரு பேனர் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. ஏன்னு நீங்களே யோசிங்க.

28/
சரி. இதுவரைக்கும் கைதட்டினவங்க இனிமே கொஞ்சம் நெளிவீங்க. ஏன்னா இப்ப என் பக்கம்.

அந்த அம்மாவுக்கு 58 வயசுல ஏன் ஆறு பல்தான் மிச்சம்? பாதிப் பல்லை எடுத்தது அரசு ஆஸ்பத்திரி. பல் வலின்னு வந்தா ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, அடங்கலையா பிடுங்கு. நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிகள்ல பல் பிரிவுல நான் அதிகமா பார்த்தது இதைத்தான். வேர் சிகிச்சை பண்ணக் கருவி இல்லை, நேரம் இல்லை, ஒரு பல் டாக்டருக்கு அறுபது பேர்.

29/
பிடுங்குறது இலவசம். ஆனா பிடுங்கின இடத்துல பல் வைக்கிறது யார் பொறுப்பு? காலை எடுத்தா செயற்கைக் கால் தர்றோம். கண்ணுல புரை எடுத்தா லென்ஸ் வைக்கிறோம். லென்ஸ் வைக்காம கண் ஆபரேஷன் முடிச்சு அனுப்பினா ஊரே சண்டைக்கு வரும். பல்லை எடுத்துட்டுப் பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்புறோம். யாரும் கேக்கலை.

30/
சுகர் ஓபியில நான் செஞ்சது இன்னும் மோசம். மூணு வருஷமா அந்த அம்மாகிட்ட "அரிசியைக் குறைங்க, கொண்டைக்கடலை சாப்பிடுங்க, பச்சைக் காய் நிறைய சாப்பிடுங்க, நிலக்கடலை ஒரு கைப்பிடி"ன்னு சொல்லியிருக்கேன். பல்லே இல்லாத வாய்கிட்ட! ஒரு தடவை கூட வாயைத் திறக்கச் சொல்லலை. அவங்க சாப்பிட்டது இட்லி, குழைஞ்ச சோறு, டீயில நனைச்ச பன். அப்புறம் "ஏம்மா சுகர் குறையலை?"ன்னு திட்டு வேற.

31/
சுகர் கூடினா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகரைக் கட்டுப்படுத்துறது கஷ்டம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும். இது பாடப் புத்தகத்துல இருக்கு. ஆனா சுகர் நோயாளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கால் பார்க்கணும், கண் பார்க்கணும், கிட்னி டெஸ்ட் எடுக்கணும்னு நமக்கு மனப்பாடம். பல்? அந்தப் பட்டியல்ல நாமளா சேர்த்தாதான் உண்டு.

32/
2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது. நானே பெருமையா சொல்ற திட்டம் அது. அதே வீட்டுக்குப் போற அதே சகோதரி, "வாயைக் காட்டுங்கம்மா, பல் ஆடுதா, ஈறுல ரத்தம் வருதா?"ன்னு கேட்டு ஒரு டிக் போட்டு பல் பிரிவுக்கு அனுப்பினா எத்தனை பல் மிஞ்சும்?

33/
பல்செட்டு? அரசுல செஞ்சு தர்றாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. மாவட்டம் 38. ஒரு பல்செட்டுக்கு அளவு எடுக்க, கடி பார்க்க, மெழுகுல போட்டுப் பார்க்க, மாட்ட, சரி பண்ணன்னு அஞ்சாறு தடவை போகணும். மகளிர் இலவச பஸ் அவ்ளோ தூரம் போகாது. அஞ்சாறு நாள் கூலி போகும்.

34/
இந்த இடைவெளியிலதான் பேனர் வந்து நிக்குது. 3 நாள், பக்கத்து ஊரு, ஏசி ரூம், "வாங்கம்மா உட்காருங்க"ன்னு ஒரு மரியாதை, தவணை. நாங்க குடுத்தது 140 பேர் வரிசை, "வேணாம்"ங்கிற ஒரு வார்த்தை. அவங்க எங்க போவாங்க? அந்த அம்மா முட்டாள் இல்லை. எங்களை விட்டா வேற கதவு ஒண்ணுதான் திறந்திருந்தது.

35/
கேரளாவுல "மந்தஹாசம்"னு ஒரு திட்டம் இருக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள 60 வயசு தாண்டினவங்களுக்கு இலவசப் பல்செட்டு. புன்சிரிப்புன்னு அர்த்தம். பேர் வெச்ச ஆளுக்குப் பல் இல்லாதவங்க மனசு தெரிஞ்சிருக்கு. அவங்க மறைக்கிறது பசியை மட்டும் இல்லை, சிரிப்பையும்தான். இலவசக் கண்ணாடி தெரியும் நமக்கு. இலவசப் பல்லும் முடியும்.

36/
விலை. 2017 பிப்ரவரியில இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வெச்சது. ஆகஸ்ட்ல மூட்டு இம்ப்ளான்ட்டுக்கு வெச்சது. பல் இம்ப்ளான்ட்டுக்கு அப்படி ஒரு உச்ச விலை இல்லை. எங்க பக்கத்துல ஒரே பல்லுக்கு ஒரு தெருவுல 20,000, அடுத்த தெருவுல 50,000. எந்தக் கம்பெனி ஸ்க்ரூ உள்ள போச்சுன்னு கூட நோயாளிக்குத் தெரியாது. அந்த அம்மாவோட பில்லுல "இம்ப்ளான்ட் - 8" அவ்ளோதான்.

37/
வரப்போற எதிர்ப்புகளுக்கு முன்கூட்டியே:

"எல்லா பல் டாக்டரும் திருடங்கன்னு சொல்றியா?" இல்லை. சுகரைக் குறைச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புற பல் டாக்டர்களை எனக்குத் தெரியும். அப்படித் திருப்பி அனுப்பினதுனால நோயாளியைப் பேனர்கிட்ட இழக்கிறதும் அவங்கதான். இந்த விளம்பரத்தால முதல்ல அடி வாங்குறது நேர்மையான பல் டாக்டர்.

38/
"காசு இருக்கிறவங்க போடுறாங்க, உனக்கென்ன?" காசு இருக்கிறவங்க போடட்டும். என் ஓபிக்கு வர்றவங்க காசு இருக்கிறவங்க இல்லை. அவங்க போடுறது நகை.

"அரசு பல்செட்டு நிக்காது, அதான் போறாங்க." பாதி உண்மை. கீழ் பல்செட்டு நிறைய பேருக்கு ஆடும், பல் போய் வருஷமானா எலும்பு தேயும். அதுக்குப் பதில் பிரஸ் பட்டன் முறையை அரசுக்குக் கொண்டு வர்றது. எட்டு ஸ்க்ரூவைக் கடன்ல விக்கிறது இல்லை.

39/
இம்ப்ளான்ட் போடப் போறீங்கன்னா இதைக் கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ஒண்ணு: என் சொந்தப் பல்லுல எதெல்லாம் காப்பாத்த முடியும்?
ரெண்டு: இம்ப்ளான்ட் இல்லாம வேற என்ன வழி, அதுக்கு எவ்ளோ?
மூணு: 3டி ஸ்கேன் எடுத்து எலும்பு, நரம்பு பார்த்தீங்களா? (கீழ்த்தாடை நரம்புல ஸ்க்ரூ பட்டா உதடு மரத்துப் போயிடும், சிலருக்கு நிரந்தரமா.)

40/
நாலு: எனக்கு ஆறு மாசம் காத்திருந்தா நல்லதா, உடனே போட்டா நல்லதா, ஏன்?
அஞ்சு: உத்தரவாதம் எதுக்கு, எழுத்துல தருவீங்களா?
ஆறு: ஸ்க்ரூ டப்பாவுல இருக்கிற ஸ்டிக்கரை என் ஃபைல்ல ஒட்டித் தருவீங்களா? கம்பெனி, அளவு, லாட் நம்பர் அதுல இருக்கும். நாளைக்கு வேற ஊர்ல பிரச்சனைன்னா அந்த டாக்டருக்கு அது தேவை.
ஏழு: அப்புறம் வருஷா வருஷம் சுத்தம் பண்ண எவ்ளோ?

இதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்ற டாக்டர்கிட்ட நம்பிப் போங்க. "ஆஃபர் முடியுது"ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. ஆபரேஷனுக்கு ஆடித் தள்ளுபடி கிடையாது.

41/
அரசுக்கு நாலே கோரிக்கை. ஒண்ணு, சுகர் நோயாளிக்கு வருஷத்துக்கு ஒரு பல் பரிசோதனை கட்டாயம். ரெண்டு, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயும் பல்செட்டு செய்யிற லேப், டெக்னீஷியனோட. மூணு, தேவைப்படுறவங்களுக்கு ரெண்டு இம்ப்ளான்ட் பல்செட்டு, காப்பீட்டுல. நாலு, பல் இம்ப்ளான்ட்டுக்கு உச்ச விலை, பில்லுல ஸ்டிக்கர் கட்டாயம்.

42/
அந்த அம்மா என்ன ஆனாங்க? சீழை வடிச்சோம். 11 நாள் வார்டுல இருந்தாங்க. இன்சுலின்ல சுகர் இறங்கிச்சு. மிச்ச இம்ப்ளான்ட்ல மூணை எடுக்க வேண்டி வந்தது. இந்தத் தடவை நான் "வேணாம்"னு நிறுத்தலை. பக்கத்து மாவட்டத்துல ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு போன் பண்ணி, நாள் வாங்கி, சீட்டு எழுதிக் குடுத்தேன். ஆறு தடவை போய் வந்தாங்க. 2,500 ரூபாய்ல மேலயும் கீழயும் பல்செட்டு.

43/
கீழ் செட்டு கொஞ்சம் ஆடுது. பேசும்போது நாக்கால பிடிச்சுக்கிறாங்க. எச்பிஏ1சி இப்ப 7.6. நகை இன்னும் அடகுலதான் இருக்கு. ஈஎம்ஐ இன்னும் 14 மாசம். இல்லாத பல்லுக்குத் தவணை கட்டுறாங்க.

44/
இப்ப என் ஓபியில ஒரு சின்ன மாத்தம். சுகர் நோட்டுல கால், கண் பக்கத்துல "வாய்"னு பேனாவால ஒரு கட்டம் போட்டிருக்கேன். டார்ச் அடிச்சுப் பார்க்க 20 விநாடி. யாராவது ஃபிட்னெஸ் சீட்டோட வந்தா, கையெழுத்துப் போடலைன்னா பின் பக்கத்துல எங்க போகணும், யாரைப் பார்க்கணும்னு எழுதிக் குடுத்துதான் அனுப்புறேன்.

45/
சக டாக்டர்களே, நீங்களும் அந்தக் கட்டத்தைப் போடுங்க. மத்தவங்க, இந்த இழையை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புங்க. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா எந்தப் பக்கம் மெல்றாங்க, எதை ஒதுக்கி வைக்கிறாங்கன்னு கொஞ்சம் பாருங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.